பினாஃபோரை ஊர் ஊரா கொண்டு போறது எப்படி: சின்ன டூரிங் கம்பெனிக்கு முழு வழிகாட்டி

இங்கிலாந்துல ஒரு வேன், பதினஞ்சு பதினாறு பாடகர்கள், கையளவு இசைக்குழு, இதை வச்சுக்கிட்டு கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைச்ச காமிக் ஆப்பரா ஒண்ணை ஊருக்கு ஒரு நைட்டு ரெண்டு நைட்டுன்னு போடுற கம்பெனிங்க இன்னமும் இருக்கு. அதுல ஸ்டேஜ் மேனேஜராவோ கம்பெனி மேனேஜராவோ புதுசா வர்றவங்க அநேகமா ஒரே இடத்துலதான் தடுக்கி விழுறாங்க. முதல்ல அழகா ஒரு கப்பல் செட் டிசைன் பண்ணிடுவாங்க, அது எந்தக் கதவு வழியா உள்ள போகும்ங்கிற கேள்வி அப்புறம்தான் வரும். டூர்ல வேலை தலைகீழ். காலைல 9 மணிக்கு வேன் வந்து நிக்குது, ராத்திரி 7.30க்கு ஓவர்ச்சர் (ஆரம்ப இசை) தொடங்கணும், நடுவுல இருக்கிற பத்தரை மணி நேரம் இருக்கே அதை முதல்ல பிளான் பண்ணிட்டு அங்கேருந்து பின்னாடி வரணும்.

உதாரணத்துக்கு அவங்களோட எச்.எம்.எஸ். பினாஃபோரை எடுத்துக்கிறேன். ரெண்டு ஆக்ட்டுக்கும் ஒரே செட், போர்ட்ஸ்மத் கிட்ட நிக்கிற போர்க்கப்பலோட மேல்தளம். முதல் ஆக்ட் நடுப்பகல், ரெண்டாவது ராத்திரி. இடைவேளையோட சேர்த்து ரெண்டு மணி நேரம் சுமாருக்கு முடிஞ்சிடும். இதே அவங்களோட இன்னொரு ஆப்பரா அயோலான்தி எடுத்தீங்கன்னா முதல் ஆக்ட் ஒரு இடம், ரெண்டாவது வெஸ்ட்மின்ஸ்டர், அது போக பிரபுக்கள் கோரஸ் மொத்தத்துக்கும் அங்கியும் கிரீடமும். முதல் டூருக்கு அதெல்லாம் வேண்டாம்.

## 1. ஸ்கோர், ரைட்ஸ்: காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி

சல்லிவன் 1900லயும் கில்பர்ட் 1911லயும் இறந்துட்டாங்க. பிரிட்டன்ல இவங்க நாடகங்களோட காப்புரிமை 1961 கடைசியோட முடிஞ்சுது. அதனால மூலப் பாட்டு, வசனம் ரெண்டும் இலவசம். புதுசா வர்றவங்க இதோட நிறுத்திக்கிறாங்க, அங்கதான் சிக்கல்.

யாரோ உட்கார்ந்து சரிபார்த்து வெளியிட்ட புது பதிப்பு, ஒன்பது பேர் வாசிக்கிற மாதிரி சுருக்கின இசை அமைப்பு, இந்தக் காலத்துக்கு மாத்தி எழுதின வசனம், இது ஒவ்வொண்ணுக்கும் தனி உரிமை இருக்கலாம். எத்தனை ஷோ, எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும், பார்ட்ஸ் (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனி நோட்டு) எப்போ திருப்பித் தரணும், எல்லாத்தையும் எழுத்துல வாங்கிடுங்க. ஏன் முதல் வேலையா இதுன்னா, அரங்கோட ஒப்பந்தத்துல ராயல்டி எவ்வளவுன்னு ஒரு வரி இருக்கும், அதுல நீங்க பூஜ்யம்னு போட்டுட்டு அப்புறம் அரேஞ்சர் (இசையைச் சுருக்கி அமைச்சவர்) பில் அனுப்பினா அது முழுக்க உங்க பங்குலேருந்துதான் போகும்.

இன்னொண்ணு, எல்லாரும் ஒரே பதிப்போட வோக்கல் ஸ்கோர் (பாடகர்களுக்கான நோட்டு) வச்சிருக்கணும். இன்டர்நெட்ல கிடைக்கிற ஸ்கேனை ஆளாளுக்கு ஒண்ணு இறக்கிக்கிட்டு வருவாங்க, கண்டக்டர் "பக்கம் 84"ன்னு சொன்னா பாதி பேர் வேற பாட்டுல இருப்பாங்க. ரிகர்சல் லெட்டர் (ஸ்கோர்ல இடம் காட்டுற எழுத்து) எல்லாம் பேண்ட் பார்ட்ஸோட ஒத்துப் போகுதான்னு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்துடுங்க. வாடகை பார்ட்ஸ்ல பென்சில் மட்டும்தான்.

## 2. அரங்கு லிஸ்ட்: சின்ன மேடைதான் அளவுகோல்

ஒவ்வொரு அரங்கும் டெக் ஸ்பெக்னு ஒண்ணு வச்சிருக்கும், கேட்டா அனுப்புவாங்க. அதை வாங்கி ஒரே ஷீட்ல போடுங்க. பார்க்க வேண்டியது:

- மேடை வாய் அகலம், ஆழம், ரெண்டு பக்கமும் விங்ஸ்ல (மேடை ஓரத்துல மறைவான இடம்) எவ்வளவு இடம்
- சாமான் ஏத்தி இறக்குற டாக் கதவோட உயரம் அகலம், வேன் அது வரைக்கும் வருமா, படிக்கட்டு இருக்கா
- மேல தூக்குற பார் எத்தனை, கவுன்ட்டர்வெயிட்டா (எதிர் எடை), கயிறா, ஒண்ணுமே இல்லையா
- மேடை சரிவா இல்ல சமமா
- பிட் (மேடைக்கு முன்னாடி இசைக்குழு உட்கார்ற பள்ளம்) இருக்கா, எத்தனை பேர் உட்காரலாம்
- மேடைக்குப் பின்னாடி இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போக வழி இருக்கா

கடைசி ரெண்டையும் யாரும் கேக்குறதில்ல. பின்னாடி வழி இல்லாத அரங்குல இடது பக்கம் வெளியே போன ஆள் வலது பக்கம் வரணும்னா மழையில தெருவுல ஓடி வரணும், அதுவும் தங்க ஜரிகை வச்ச கேப்டன் கோட்டோட. ஷோ நடுவுல இதைப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

சரிவு மேடை பிரிட்டன்ல பழைய தியேட்டர்ல சகஜம், 24 அடிக்கு ஒரு அடி ஏறும். காலால நடந்தா பெருசா தெரியாது, சக்கரம் வச்ச செட் பீஸ் மட்டும் பிரேக் போடலைன்னா தானா பிட்டைப் பார்த்து உருள ஆரம்பிச்சிடும். மேடை உயரப் பலகையும் ஆடும். அதனால வெவ்வேற கனத்துல மர ஆப்பு ஒரு பெட்டி நிறைய எடுத்துட்டுப் போகணும்.

லிஸ்ட் ரெடி ஆனதும் ஒவ்வொரு கட்டத்துலயும் மோசமான நம்பரை எடுங்க. குறைஞ்ச அகலம் ஒரு அரங்கு, குறைஞ்ச ஆழம் இன்னொண்ணு, சின்ன கதவு வேறொண்ணுன்னு இருக்கும். இந்த மூணும் சேர்ந்த ஒரு கற்பனை அரங்குக்குத்தான் செட் டிசைன் பண்ணணும். பெரிய மேடைக்கு டிசைன் பண்ணிட்டு சின்னதுக்கு வெட்டிக்கலாம்னு சொல்ற டிசைனர்கிட்ட ஜாக்கிரதை. வெட்டுற வேலை அவங்களுக்கு இல்ல, காலைல 11 மணிக்கு உங்களுக்கு.

## 3. காசு: கான்ட்ராவைப் படிக்காம கையெழுத்து போடாதீங்க

மூணு வகை டீல் இருக்கு. கேரண்டின்னா டிக்கெட் வித்தாலும் விக்கலைன்னாலும் ஒரே தொகை. ஸ்பிளிட்னா வசூல்ல பங்கு. ஹையர்னா அரங்கை நீங்க வாடகைக்கு எடுக்குறீங்க, நஷ்டமும் உங்களோடது. முதல் டூர்ல கேரண்டி எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு வாங்கிப் போடுங்க, தொகை சின்னதா இருந்தாலும் சரி.

ஸ்பிளிட் கணக்கு இப்படிப் போகும். 400 சீட், ஒண்ணு 20 பவுண்டுன்னா 8000 பவுண்டு வசூல்னு மனசு குதிக்கும். டிக்கெட்ல 20 சதவீதம் வாட் வரி உள்ளயே இருக்குன்னு வச்சா அதுல 1333 போயிடும், மிச்சம் 6667. 70-30 ஸ்பிளிட்னா உங்களுக்கு 4667. இதுக்கு மேல கான்ட்ரான்னு ஒரு பட்டியல் வரும்: விளம்பரச் செலவு, கூடுதல் மேடை ஆட்கள், கார்டு கமிஷன், பியானோ ட்யூனிங், ராத்திரி லேட்டானா ஓவர்டைம். அது 900 ஆச்சுன்னா கைக்கு வர்றது 3767. இதுலதான் பதினஞ்சு பாடகர் சம்பளம், பேண்ட், டீசல், ரூம் எல்லாம்.

கான்ட்ராவுக்கு ஒரு உச்ச வரம்பு எழுதச் சொல்லுங்க. கேட்டா பெரும்பாலும் கொடுக்கிறாங்க, கேக்காதவங்களுக்கு யாரும் தானா முன்வந்து தர்றதில்ல.

## 4. இசைக்குழு, பிட்: டிக்கெட் விக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

மூல அமைப்புல ரெண்டு புல்லாங்குழல், ஒரு ஓபோ, ரெண்டு கிளாரினெட், ஒரு பஸூன், ரெண்டு ஹார்ன், ரெண்டு கார்னெட், ரெண்டு டிராம்போன், தாள வாத்தியம், அதுக்கு மேல வயலின் குடும்பம். சின்ன டூருக்கு இது முடியாது. பியானோ மட்டும் வச்சுப் போடலாம், இல்ல எட்டு ஒன்பது பேர் வாசிக்கிற சுருக்கமான அமைப்பு. பியானோ மட்டும்னா ஒரு ஷோவுக்கு மேடை இன்னும் ரெண்டு மீட்டர் தாராளமா கிடைக்கும், ஆனா ஓவர்ச்சர் கொஞ்சம் ஸ்கூல் ஆண்டுவிழா மாதிரி ஆயிடும். நான் எப்பவும் ஒன்பது பேர் பக்கம்தான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நிறைய அரங்குல பிட் மேல முதல் ரெண்டு வரிசை சீட் போட்டிருப்பாங்க. பிட் வேணும்னா அந்த சீட்டைக் கழட்டணும், அதை விக்க முடியாது. இதை பாக்ஸ் ஆபீஸ்ல டிக்கெட் திறக்கிறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துடணும். சொல்ல மறந்துட்டா யாராவது பாட்டி தாத்தா நாலு மாசம் முன்னாடியே ஏ வரிசையில நடு சீட் வாங்கி வச்சிருப்பாங்க, ஷோ அன்னைக்கு அந்த இடத்துல டிராம்போன் உட்கார்ந்திருக்கும். திருப்பிக் கொடுக்கிற காசும் கான்ட்ராவுல உங்க தலையிலதான்.

பிட்டே இல்லாத ஹால்ல பேண்டை மேடைக்கு முன்னாடி தரையில ஒரு பக்கமா உட்கார வைங்க. நடுவுல வச்சா முதல் அஞ்சு வரிசைக்கு வார்த்தை கேக்காது. கில்பர்ட் பாட்டுல வார்த்தை கேக்கலைன்னா அங்க சிரிக்கிறதுக்கு வேற ஒண்ணும் இல்ல.

## 5. ரூட்

மேப்பைப் பார்த்து தேதி போடாதீங்க, கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்க. ஷோ முடியுறது 9.40, செட் பிரிச்சு வேன் பூட்டுறது 11.30, ரூமுக்குப் போறது நள்ளிரவு. வேலை நேர விதிப்படி ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவுல 11 மணி நேரம் ஓய்வு இருக்கணும். அப்போ 11.30க்கு முடிச்ச ஆளை மறுநாள் 10.30க்கு முன்னாடி வேலைக்குக் கூப்பிட முடியாது, அதுவும் அடுத்த ஊர்ல 9 மணி கெட்-இன் (சாமான் இறக்கி செட் போடுற வேலை) வச்சிருந்தா கதை முடிஞ்சுது. வேன் ஓட்டுறவரும் அதே ஆள்தான்னா இது சட்டத்துக்காக மட்டும் இல்ல, உயிருக்காகவும் பார்க்க வேண்டியது.

அதனால ஒரு நைட்டு ஊர் ரெண்டு அடுத்தடுத்து வந்தா நடுவுல ஒரு நாள் காலி விடுங்க, இல்ல ரெண்டாவது ஊர்ல கெட்-இன்னை மத்தியானத்துக்குத் தள்ளி அங்கே லைட்டை முன்கூட்டியே மாட்டி வைக்கச் சொல்லுங்க.

## 6. ஆட்கள்: கவர் சங்கிலி

முக்கியமான ஒன்பது பேர்: சர் ஜோசஃப் போர்ட்டர் (கடற்படை மந்திரி), கேப்டன் கோர்கரன், ரேஃப் ராக்ஸ்ட்ரா, டிக் டெட்ஐ (ரெண்டு பேரும் மாலுமிங்க), பாஸன், கார்பென்ட்டர் (இவங்களும் கப்பல் ஆட்கள்), ஜோசஃபின் (கேப்டன் மகள்), ஹீபி (சர் ஜோசஃபோட சொந்தக்காரி), பட்டர்கப் (கப்பலுக்கு சாமான் விக்கிறவ). இதுல பாஸன், கார்பென்ட்டர், ஹீபி மூணு பேரும் கோரஸ்லயும் பாடுவாங்க, அதனால அவங்க தலையை ரெண்டா எண்ணலாம். இன்னும் நாலு ஆண், மூணு பொண்ணு சேர்த்தா பதினாறு பேர்ல கௌரவமா ஓட்டிடலாம். ஆண் கோரஸ்ல டெனரையும் (உச்சக்குரல்) பாஸையும் (கீழ்க்குரல்) சம அளவுல வைங்க, ஆள் கிடைக்கலைன்னு எல்லாரையும் பாரிடோனா (நடுக்குரல்) எடுத்தா முதல் பாட்டுலயே தெரிஞ்சிடும்.

யாருக்கு உடம்பு சரியில்லைன்னா யார் போறதுன்னு (அந்த மாற்று ஆள்தான் கவர்) எல்லாரும் எழுதி வைப்பாங்க. ஆனா ஒரு கட்டம் மட்டும்தான் எழுதுவாங்க. கேப்டனுக்கு பதில் பாஸன் போறார், சரி. அப்போ முதல் ஆக்ட்ல மாலுமிங்க மூணு பேர் பாடுற அந்த பாட்டுல நடுக்குரல் யாரு? கோரஸ்லேருந்து ஒருத்தர். அப்போ கோரஸ்ல அவரோட நடன ஜோடி யாரு? இப்படி கடைசி ஆள் வரைக்கும் எழுதி, முதல் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மத்தியானம் மொத்தமா நடந்து பார்த்துடணும். டூர்ல சளி ஒருத்தரோட நிக்காது, ஒரே வேன், ஒரே டீ கெட்டில்.

## 7. செட், வேன்

இந்த ஷோவுக்கு நிஜமா தேவைப்படுறது நாலுதான்: கொஞ்சம் உயரமான பின்தளம் ஒண்ணு, கேப்டன் அறைக்கு ஒரு கதவு, கப்பல் பக்கவாட்டுல ஏறி வர்ற மாதிரி ஒரு வழி, பாய்மரம் கயிறுன்னு ஏதாவது ஒண்ணு மேல பார்க்க. மத்ததெல்லாம் ஆசை. கேப்டன் ரெண்டாவது ஆக்ட் ஆரம்பத்துல மேன்டலின் வச்சுக்கிட்டு நிலாவைப் பார்த்துப் பாடுறது அந்த உயரத்துலதான், அதனால அதை மட்டும் வெட்டாதீங்க.

பார் இல்லாத ஹாலும் லிஸ்ட்ல இருந்தா பாய்மரம் தரையிலேருந்து தானா நிக்கணும். மேல தொங்க விட்டே ஆகணும்னு டிசைன் பண்ணினா அந்த ஒரு ஊர்ல கப்பல் மொட்டையா நிக்கும்.

வேன் விஷயத்துக்கு வருவோம். 3.5 டன் லூட்டன் (பெரிய பெட்டி வச்ச) வேன்தான் சாதாரண கார் லைசென்ஸ்ல ஓட்டலாம். பின்னாடி லிஃப்ட்டோட இருந்தா உள்ள ஏத்தக்கூடியது ஒரு டன் சுமாருக்குத்தான். பெட்டி பெருசா இருக்கேன்னு நிரப்பிடுவாங்க, இடம் இருக்கும், எடை தாண்டிடும். எட்டுக்கு நாலு அடி ஸ்டீல் தளப் பலகை ஒண்ணே 80 கிலோவுக்கு மேல வரும், நாலு போட்டா மூணுல ஒரு பங்கு காலி. பெரும்பாலான அரங்குல தளப் பலகை அவங்ககிட்டயே இருக்கும். அதைக் கடன் கேளுங்க, ஆனா கால் உயரம் எவ்வளவுன்னு முன்னாடியே கேட்டு உங்க படிக்கட்டு அதுக்கு ஒத்து வருமான்னு பார்த்துக்கோங்க. முழுசா ஏத்தின வேனை டூருக்கு முன்னாடி ஒரு எடை மேடையில நிறுத்திப் பார்க்கணும்.

ஏத்துற வரிசை இறக்குற வரிசைக்கு நேர் எதிர். காலைல முதல்ல வேணும்ங்கிறது லைட் ஃபில்டர், டூல்ஸ், அப்புறம் பலகை மாதிரி பெயின்ட் பண்ணின தரைத் துணி, அப்புறம் தளம், கதவு, பாய்மரம், கடைசியா ப்ராப்ஸ். அப்போ வேன்ல உள்ளே ஆழத்துல ப்ராப்ஸ், கதவுகிட்ட டூல்ஸ். இந்த வரிசையை போட்டோ எடுத்து வேன் கதவு உள்பக்கம் ஒட்டுங்க, ராத்திரி 11 மணிக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

துணி, மரம் எல்லாத்துக்கும் தீப்பிடிக்காத பூச்சு போட்ட சான்றிதழ், மின்சாதனங்களுக்கு டெஸ்ட் ரெக்கார்ட், ரிஸ்க் அசெஸ்மென்ட், இன்சூரன்ஸ் பேப்பர், எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல வைங்க. அரங்கு ஆளு கேக்குறது கெட்-இன் வாசல்லதான், காட்டலைன்னா துணியை உள்ள விட மாட்டாங்க.

## 8. டிரஸ், ப்ராப்ஸ்

கடைசி காட்சியில கேப்டனும் ரேஃபும் சின்ன வயசுல மாறிப் போன குழந்தைங்கன்னு பட்டர்கப் போட்டு உடைச்சதும் ரெண்டு பேரும் ஒருத்தர் உடுப்புல இன்னொருத்தர் வருவாங்க. புதுசா வர்ற டிரஸ்ஸர் (உடுப்பு மாட்டி விடுறவர்) எல்லாரும் கேப்டனைப் பத்திதான் கவலைப்படுவாங்க, ஏன்னா அந்த உடுப்புதான் பெருசு. ஆனா கேப்டன் முன்னாடியே சர் ஜோசஃப்கிட்ட திட்டு வாங்கிட்டு அறைக்குப் போயிடுவார், அவருக்கு நேரம் இருக்கு. ரேஃப்தான் அதுக்கப்புறம் பிரியாவிடை பாட்டு முழுக்கப் பாடிட்டு, சிறைக்கு இழுத்துட்டுப் போன அப்புறம், பட்டர்கப் பாட்டு ஒண்ணு முடியுறதுக்குள்ள மாலுமியிலேருந்து கேப்டனா மாறணும். சில நிமிஷம்தான்.

அதனால ரேஃப் எந்தப் பக்கம் வெளியே போறாரோ அந்த விங்ஸ்லயே ஒரு நாற்காலி, சின்ன நீல விளக்கு, டிரஸ்ஸர் ஒருத்தர். கோட்ல பட்டன் வெறும் அலங்காரம், உள்ள வெல்க்ரோ இல்ல பிரஸ் பட்டன். ஒரே கோட்டை ரெண்டு பேருக்கும் மாத்திக்கலாம்னு நினைக்காதீங்க, கேப்டன் பாரிடோன், ரேஃப் டெனர், தோள் அளவு ஒண்ணா இருக்கவே இருக்காது. அளவுக்கு ஏத்த மாதிரி ரெண்டு செட் தைச்சிடுங்க.

முதல் ஆக்ட் முடிவுல ரேஃப் தலையில வைக்கிற துப்பாக்கி வெடிக்கவே போறதில்ல, ஜோசஃபின் ஓடி வந்துடுவா. அதனால வெடிக்காத மாதிரிதான் வாங்கணும், காகித வேலை குறையும். பூட்டின பெட்டி, ஒரே ஒரு பொறுப்பாளி, ஒவ்வொரு அரங்குக்கும் முன்கூட்டியே தகவல். காரோட பின் சீட்ல விட்டுட்டு காபி குடிக்கப் போகக் கூடாது, கண்ணாடி வழியா பார்க்கிறவங்களுக்கு அது நிஜத் துப்பாக்கிதான்.

டிரஸ்ஸை ரெண்டு ஷோவுக்காவது சேர்த்து யோசிங்கன்னு சொல்வாங்க, அதுக்கு பழைய முன்னுதாரணமும் உண்டு. 1879 டிசம்பர் 30ல டெவன்ல பெய்ன்டன்ங்கிற ஊர்ல காப்புரிமைக்காக அடுத்த ஆப்பராவான பைரேட்ஸ் ஆஃப் பென்சன்ஸை அவசரமா ஒரு தடவை மேடை ஏத்தினது பினாஃபோர் டூர் குழுதான். மாலுமி டிரஸ்லயே தலையில கைக்குட்டை கட்டிக்கிட்டு கொள்ளைக்காரங்களா நின்னாங்க, கையில பேப்பரோட.

## 9. ரிகர்சல்

பாட்டு முதல்ல, நடை அப்புறம், வசனம் கடைசி. பாட்டு மனப்பாடம் ஆகாம மேடையில நிறுத்தினா கண்ணு முழுக்க ஸ்கோர்ல இருக்கும், அப்புறம் அந்தப் பழக்கம் போகாது.

தரையில டேப் ஒட்டும்போது ரெண்டு கலர்ல ஒட்டுங்க, ஒண்ணு அந்தக் கற்பனை சின்ன மேடை, இன்னொண்ணு லிஸ்ட்லயே பெரிய மேடை. நடையை சின்னதுல கத்துக் கொடுத்துட்டு வாரத்துக்கு ஒரு தடவை பெருசுல ஓட்டிப் பார்க்கணும். பெரிய மேடையில ஒரே தப்புதான் வரும், உள்ள வர்றதுக்கு நேரம் போதாது, பாட்டுல ரெண்டு பார் (தாள அளவு) முன்னாடியே நடக்க ஆரம்பிக்கணும்.

ஒரு இடத்தை மட்டும் தனியா சொல்றேன். சர் ஜோசஃபோட அக்கா தங்கச்சி அத்தை கூட்டம் படகுல வர்ற பாட்டு வெளியிலேருந்துதான் ஆரம்பிக்கும். விங்ஸ்ல நிக்கிறவங்களுக்கு கண்டக்டர் தெரியாது, பிட்லேருந்து வர்ற சத்தம் காதுக்கு லேட்டா வரும், அதைக் கேட்டுப் பாடினா இன்னும் லேட்டாகும். கேமராவும் மானிட்டரும் இருந்தா நல்லது. இல்லாத ஹால்ல கண்டக்டரைப் பார்க்கிற இடத்துல ஒரு ஆளு நின்னு கையைக் காட்டணும், பாடுறவங்க காதை விட்டுட்டு கையை மட்டும் பார்க்கணும். இதை ரிகர்சல் ரூம்லயே கதவுக்கு வெளிய நிக்க வச்சுப் பழக்குங்க. முதல் ஊர்ல போய் கத்துக்க முடியாது.

## 10. கெட்-இன் நாள்

7.30 ஷோவுக்கு என்னோட வரிசை இது:

9.00 வேன் திறக்கிறது. அரங்கு ஆட்களோட டீ, யார் எதைத் தொடலாம்னு பேச்சு. இந்த அஞ்சு நிமிஷத்தை விட்டுட்டு நேரா வேலையில குதிக்கிறவங்களுக்கு நாள் முழுக்க யாரும் உதவ மாட்டாங்க.

9.15 லைட். தரை காலியா இருக்கும்போதே மேல மாட்டணும், செட் நின்னுட்டா ஏணி வைக்க இடம் இருக்காது. டூர் லைட் பிளான்ல பகல் சூட்டுக்கு மேடை முழுக்க விழுற ஒரு செட் லைட், ராத்திரி நீலத்துக்கு ஒண்ணு, நாலஞ்சு ஸ்பெஷல் (ஒரே இடத்துக்கு மட்டுமான லைட்), அவ்வளவுதான். எந்த ஊர்லயும் கிடைக்கிற லைட்டை வச்சு எழுதின பிளான்தான் டூருக்கு ஆகும்.

11.30 தரைத் துணி, அப்புறம் செட்.

2.00 ஃபோகஸ், அதாவது ஒவ்வொரு லைட்டையும் அது விழ வேண்டிய இடத்துக்குத் திருப்புறது. இருட்டு வேணும், அமைதியும் வேணும். இந்த நேரத்துல யாராவது மேடையில சுத்தியல் அடிச்சா சண்டை நிச்சயம், அதனால அவங்களை பிட்ல நாற்காலியும் ஸ்டாண்ட் லைட்டும் போட அனுப்பிடுங்க.

4.00 பாடகர்கள் மேடையைச் சுத்தி நடக்கிறது. எந்தப் பக்கம் வழி, எங்கே தலை இடிக்கும், இருட்டுல படி எங்கே. அப்புறம் பேண்டோட சேர்ந்து: ஓவர்ச்சர் தேவையில்ல, வெளியிலேருந்து பாடுற இடம், ரெண்டு ஃபினாலே (ஆக்ட் முடிவுப் பாட்டு), ரேஃப் உடுப்பு மாத்துற இடம். முழு ஷோ ஓட்டிப் பார்க்கலாம்னு ஆசைப்படாதீங்க, குரல் போயிடும்.

5.30 எல்லாரும் வெளிய போய்ச் சாப்பிடணும். இதை வெட்டித்தான் புது மேனேஜருங்க நேரம் சம்பாதிப்பாங்க, ரெண்டாவது ஆக்ட்ல அது திரும்ப வந்து அடிக்கும்.

6.55 ஹாஃப், எல்லாரும் அரங்குல இருந்தாகணும்ங்கிற அழைப்பு. பேர் அரை மணின்னாலும் திரைக்கு 35 நிமிஷம் முன்னாடி. 7.10 குவார்ட்டர், 7.20 ஃபைவ், 7.25 பிகினர்ஸ் (முதல்ல மேடை ஏறுறவங்களுக்கான அழைப்பு). ஹாஃப்ல வராத ஆளுக்கு உடனே கவர் சங்கிலியை ஆரம்பிக்கணும், வந்துடுவார் வந்துடுவார்னு குவார்ட்டர் வரைக்கும் காத்திருந்தா டிரஸ் மாத்த நேரம் இருக்காது.

## 11. ஷோ

க்யூ (லைட், சத்தம் மாத்துறதுக்கான கட்டளை) சொல்றவர் ஹெட்செட்ல "கோ"ங்கிற சொல்லை க்யூவுக்கு மட்டும்தான் பயன்படுத்தணும். அந்தச் சொல் காதுல விழுந்தா ஆபரேட்டர் பட்டனை அழுத்திடுவார், பேச்சுவாக்குல சொன்னாலும்.

ரெண்டாவது ஆக்ட்ல ஜோசஃபின், கேப்டன், சர் ஜோசஃப் மூணு பேரும் பாடுற பாட்டுக்கு என்கோர் (திரும்பப் பாடுறது) கொடுக்கிறது பழைய வழக்கம், ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு சேட்டை பண்ணுவாங்க. எத்தனை என்கோர்னு கண்டக்டரும் க்யூ சொல்றவரும் முன்னாடியே பேசி வச்சு, இன்னொண்ணு இருக்கா இல்லையான்னு கை ஜாடையும் முடிவு பண்ணிக்கோங்க. கை தட்டலைக் கேட்டு ஆக்டருங்க தாங்களா இழுத்தா லைட்டுக்கும் பேண்டுக்கும் தெரியாது, அது போக ஷோ 10 மணியைத் தாண்டினா மேடை ஆட்களோட ஓவர்டைம் கான்ட்ராவுல வந்து உட்காரும்.

இடைவேளை 20 நிமிஷத்தை 15 ஆக்கச் சொல்லி அரங்குகிட்ட கேக்காதீங்க. அரங்கோட பார்ல டிரிங்க்ஸ் விக்கிற காசுதான் அவங்களுக்கு லாபம். தீத்தடுப்புத் திரையை ஜனங்க முன்னாடி ஒரு தடவை இறக்கிக் காட்டுறதும் பெரும்பாலும் இதே இடைவேளையிலதான், அதனால திரை இறங்குற கோட்டுல செட்டோ ப்ராப்போ எதுவும் நிக்கக் கூடாது. முன்னாடி வழியற மாதிரி தரைத் துணி போட்டவங்க இதை மறந்துடுவாங்க.

## 12. கெட்-அவுட்

கடைசி வணக்கம் முடிஞ்சதும் முதல்ல டிரஸ், ப்ராப்ஸ் எண்ணி பெட்டியில போடுறது. துப்பாக்கி, மேன்டலின், ஒன்பது வார் சவுக்கு, மூணும் கையில தொட்டுப் பார்த்து டிக் அடிக்கணும். அதுக்கப்புறம்தான் செட் பிரிக்கணும். வரிசையை மாத்தினா பாய்மரத்துக்கு அடியில யாரோட தொப்பியோ நசுங்கும்.

பாடகர்களை செட் தூக்க வைக்கிறதுன்னா அது ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கணும், தொப்பி, ஷூ, கையுறை எல்லாம் அவங்க அளவுல வேன்ல இருக்கணும். எழுதாம நட்புக்காகத் தூக்கச் சொல்லி யாருக்காவது முதுகு பிடிச்சா இன்சூரன்ஸ் பேசாது.

கிளம்புறதுக்கு முன்னாடி டிரஸ்ஸிங் ரூம், பிட், ரெண்டு விங்ஸ், ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜை மறக்காதீங்க. பேண்ட் பார்ட்ஸை ஃபோல்டர் எண்ணி கண்டக்டர் கையில வாங்குங்க, ரெண்டாவது கிளாரினெட் பார்ட் ஒண்ணு ஸ்டாண்ட்லயே நின்னுட்டா அடுத்த ஊர்ல அது இல்லாம வாசிக்க முடியாது, வாடகைக் கம்பெனியும் அபராதம் போடும்.

அப்புறம் ஷோ ரிப்போர்ட். ஆக்ட் ஒண்ணு எத்தனை நிமிஷம், ரெண்டு எத்தனை, என்கோர் எத்தனை, எந்த க்யூ பிசகுச்சு, எது உடைஞ்சுது, யாருக்குத் தொண்டை கட்டியிருக்கு. இதை அன்னைக்கு ராத்திரியே அனுப்பிடணும், ஏன்னா உடைஞ்ச கதவுக் கீலை வாங்க அடுத்த ஊர்ல கடை திறக்கிற நேரமும் கெட்-இன் நேரமும் ஒண்ணுதான், யாராவது ஒருத்தர் நேரா கடைக்குப் போகணும்னு முந்தின ராத்திரியே தெரிஞ்சிருக்கணும்.